உப்புக் கோடு

டென்மார்க்காரனுக்கு நீலம் பிடிக்கவில்லை.
பகல் விளக்கில் சரியாம், கடை விளக்கில் சிவப்படிக்கிறதாம்.
டெல்டா ஈ ஒன்று புள்ளி நாலு.
மூன்றாவது முறையாக ஒரு துண்டு பனியனை நனைத்துவிட்டு
மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறை லேபில்
ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான்:
துணியிடம் வாய்திறந்து எதுவும் கேட்பதில்லை.
வெளிச்சம் போட்டு
எதை விழுங்கியது, எதைத் திருப்பித் தந்தது என்று
கணக்குப் பார்ப்பேன்.
நீலச் சட்டை
நீலத்தை மட்டும் வேண்டாமென்ற சட்டை.

சிவமலை டீ வைத்தான்.
தொட்டிக்கு உப்புக் கொட்டிவிட்டு வந்த கையை
அடுப்புக்கு மேல் உதறினான்.
நீலத் தீ மஞ்சளாய்ச் சீறி அடங்கியது.
"போச்சாதுங்க," என்றான்.

போச்சாதுதான்.
ஆனால் என் மேஜைக்கடியில் ஒரு செருப்புப் பெட்டி இருந்தது.
ஒரு முனையில் ரெண்டு பிளேடு, நடுவே மயிரிழைச் சந்து,
மறுமுனையில் உடைத்த டிவிடித் துண்டு,
உள்ளே பையனிடம் பிடுங்கிய ஸ்கேல்.
(ஞாயிற்றுக்கிழமை வேலை. வீட்டில் இதற்கு மரியாதை கிடையாது.)
"இன்னொருக்கா உதறு."
உதறினான்.
மற்றதெல்லாம் மங்கல்.
நட்ட நடுவே ஒரே ஒரு கோடு, மஞ்சள்,
தையல்காரன் சாக்பீஸில் இழுத்தது போல.
இடத்தைக் குறித்துக்கொண்டேன்.

விடிந்து வெயில் ஏறியதும்
சுத்திகரிப்பு நிலையத்து வெள்ளைச் சுவர்ப் பக்கம்
பெட்டியைத் திருப்பினேன்.
சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது,
கண்ணுக்கு ஸ்டோரில் ஸ்பேர் இல்லை.
வானவில் முழுசாய் விரிந்தது.
அதே குறியில் ஒரு கீறல்.
மஞ்சள் இருக்கவேண்டிய இடத்தில்
மயிரிழை இருட்டு.

சூரியனின் மேல்தோலில் உலவும் உப்பின் பாதி
உள்ளிருந்து புறப்பட்ட மஞ்சளை
வழியிலேயே பிடித்து விழுங்கியிருக்கிறது.
வருகைப் பதிவேட்டில் கோடு விழுந்தால்
ஆள் இல்லை என்போம் நாங்கள்.
அங்கே கோடு விழுந்தால்
ஆள் உண்டு.

சிவமலை ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தான்.
"ஏனுங்க, அத்தன தூரத்துக்கு உப்பு ஆருங்க ஏத்துனது?"
இதற்கு முன்னால் எரிந்து முடிந்த நட்சத்திரங்கள், என்றேன்.
"முந்தின ஷிப்ட் ஆளுக," என்றான்
ஆச்சரியமே படாமல்.

மார்கழி. அன்று பொழுதோட ஃபீடர் போய்
ஊரே இருண்டது.
மொட்டைமாடியிலிருந்து ரோகிணியைக் காட்டினேன்.
சிவப்பாய் இருக்கிறதே, அது சூடு குறைந்தது;
கீழே நீலமாய்த் துடிக்கிறதே, அதுதான் கொதிப்பு.
மெஸ்ஸில் வெந்நீர்க் குழாய்க்குச் சிவப்படித்தவனுக்கு
வானம் தெரியாது.

ரோகிணி நம்மைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது,
நொடிக்கு ஐம்பத்து நாலு கிலோமீட்டர்.
பழைய பஸ் ஸ்டாண்டில் ஒன்று என்று எண்ணி
வாயை மூடுவதற்குள் காந்திபுரம்.
அதன் கோடுகள் சிவப்புப் பக்கம் ஒரு நூல் நகர்ந்திருக்கும்.
காவலூரில் பெரிய கண்ணாடி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.
என் செருப்புப் பெட்டிக்குத் தெரியாது,
அந்த வெளிச்சம் அதன் சந்துக்கே பத்தாது.
ஆனால் ஒரு நூல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.
ஒரு நூல் சிவப்புக்காகத்தான்
என் நீலம் டென்மார்க்கிலிருந்து திரும்பி வந்தது.

கரண்ட் வந்துவிட்டது.
கம்ப்ரஸர் இருமியது, தெருவிளக்குகள்
வானத்தைத் துடைத்துவிட்டன.
அஞ்சாம் நம்பருக்கு உப்பு, என்று கீழிருந்து கத்தினார்கள்.
ஐம்பது கிலோ மூட்டை.

நாலாவது துண்டு காய்ந்திருந்தது. ஒன்று புள்ளி ஒன்று.
இன்னும் பாஸ் இல்லை.

சிவமலை வந்தான். புருவத்தில், காதுமடலில் வெள்ளை.
அடுப்பைப் பற்றவைத்து
டீச்சட்டியை வைப்பதற்கு முன்
விரலைச் சுண்டினான்.

"இருக்குதுங்க," என்றான்.